தனி அடுப்பு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. டிக்கெட் கையில் பத்திரமாக இருந்தாலும், பஸ்ஸில் செக்கிங் ஏறினால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அப்படிப்பட்டவள் தொண்ணூறுகளின் நடுவில் சர்க்கார் படிவம் ஒன்றில் ஒரு பெரிய பொய்யை டைப் அடித்துக் கொடுத்துவிட்டு, அது எப்போது வெடிக்குமோ என்று வருஷக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்தேன். பொய்யில் மொத்தமே இரண்டு சொற்கள்தான். உறவினர்: இல்லை.

அந்தப் படிவம் என் அக்காவுடையது.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ்ப்போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். லஸ் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவள்தான் வாத்தியார். தப்பாக அடித்தால் ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று வைப்பாள். தங்கை என்ற சலுகையெல்லாம் கிடையாது. அந்தப் புண்ணியத்தில்தான் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகும்போது முதுகுத்தண்டில் ஏதோ கோளாறு வந்தது. ஆறே மாதத்தில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே அசையவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, இனிமேல் இப்படித்தான் இருக்கும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மாவும் போன பிறகு, அக்காவைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். நான் வேலைக்குப் போனால் அக்காவுக்கு யாரும் இல்லை. போகாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை. ஆள் வைத்துப் பார்த்தேன். வந்த அம்மாள் பத்து நாளில் நின்றுவிட்டாள். வேறு வழி தெரியாமல், காலையில் அக்காவுக்கு எல்லாம் செய்துவிட்டு, பிளாஸ்கில் காப்பி, தட்டு மூடிய சாப்பாடு, எட்டும் தூரத்தில் தண்ணீர், அவசரத்துக்கு அடிக்கப் பூஜை மணி என்று எடுத்துவைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனேன். ஒரு நாள் மத்தியானம் எவனோ உள்ளே வந்தான். கட்டிலில் கிடந்த அக்காவைப் பார்த்துக்கொண்டே பித்தளைக் குடத்தையும் டிரான்சிஸ்டரையும் எடுத்துக்கொண்டான். அக்கா திட்டத் திட்ட, அவன் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனானாம்.

மறுநாளிலிருந்து வெளியே திண்டுக்கல் பூட்டைப் போட்டேன். சாவியை ஒரு நாளைக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று மாடி வீட்டு மாமியிடம் கேட்டதற்கு, "எங்களுக்கு எதுக்கும்மா அந்தப் பொறுப்பு?" என்று சொல்லிவிட்டார்.

காலை எட்டரைக்குப் பூட்டினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் திறப்பேன். நடுவில் உள்ள நேரம் முழுக்க என் காது தெருவிலேயே இருக்கும். அண்ணா சாலையில் தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு போனால் என் விரல்கள் மெஷினிலேயே நின்றுவிடும். எழுந்து ஜன்னலுக்குப் போய் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். மயிலாப்பூர்ப் பக்கம் திரும்பாமல் சைதாப்பேட்டைப் பக்கம் போனால், வெட்கமே இல்லாமல் நிம்மதிப் பெருமூச்சு விடுவேன். அங்கேயும் யாரோ எரிகிறார்கள் என்ற நினைப்பு அப்புறம்தான் வரும்.

அந்த வருஷம் அறுபத்து மூவர் திருவிழா அன்று பஸ்ஸையெல்லாம் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். ராயப்பேட்டையில் இறங்கி நடந்தேன். மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் நகர்ந்தால்தானே நான் நகர முடியும்? யாரோ நீர்மோர் கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன். பல்லக்குகள் வரிசையாகப் போவதை ஒரு கால் மணி நேரம் நின்று பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூட்டம் மட்டும் காரணமில்லை. எனக்கும் ஆசையாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஏதோ தீய்ந்த நாற்றம். பூஜை மணி கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. மாடியில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திருவிழாவுக்குப் போய்விட்டார்களாம். மாமி படியில் நின்றே, "பால் தீஞ்சு போச்சும்மா" என்று சொல்லிச் சிரித்தார். அக்காவுக்குக் குரல் கட்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வெயில்" என்றாள். நான் பல்லக்கு பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே அவளுக்குத் துணி மாற்றினேன்.

நாலு நாள் கழித்து அக்காவே பேச்சை எடுத்தாள். "அடையாறுல என்னமோ ஹோம் இருக்காமே. படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வெச்சுப் பார்த்துக்குவாங்களாம். போய் விசாரி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பார்த்துக்கறது போதலையா உனக்கு?" என்றேன்.

"விசாரின்னா விசாரி" என்றாள். ஸ்கேலை வைத்துக்கொண்டு பேசுகிற அதே குரல்.

போய் விசாரித்தேன். ஒரு தர்ம ஸ்தாபனம் அந்த ஹோமை நடத்தியது. பணம் கட்டிச் சேர்வதென்றால் மாதாமாதம் என் சம்பளத்தைவிட அதிகம் கட்ட வேண்டும். ஆனால் சில கட்டில்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது, அவை இலவசம். அந்தக் கட்டில் வேண்டுமானால், நோயாளி ஆதரவற்றவர் என்று தாலுகா ஆபீஸில் சான்று வாங்கி வர வேண்டும். குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு கூடாது, கவனிக்கக்கூடிய உறவினர் கூடாது. சொந்த வீடுதான் நமக்கு இல்லையே என்று தைரியமாகத் தாலுகா ஆபீஸுக்குப் போனேன்.

கிளார்க் நல்ல மனிதர். படிவத்தைப் புரட்டிக்கொண்டே, "கூடப் பொறந்தவங்க சம்பாதிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன்.

"அப்ப அவங்க எப்படிம்மா ஆதரவற்றவங்க? நீங்கதான் ஆதரவு. உங்க சம்பளம் வரம்புக்கு மேல போகுது."

"சார், நான் வேலையை விட்டுட்டா?"

"விட்டா கெடைக்கும்" என்றார். அப்புறம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவங்களுக்குக் கட்டில் கெடைக்கும். நீங்க எதுல சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

வெளியே மரத்தடியில் மனு எழுதுகிற ஒருவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "இன்னாம்மா, உள்ள போய் உண்மைய சொல்லிக்கினு நின்னியா?" என்றார். அவர் சொன்ன வழி சுருக்கமானது. "ஒரே ரேஷன் கார்டு, ஒரே அடுப்புன்னா ஒரே குடும்பம். அடுப்பப் பிரிச்சிடு, கார்டு பிரிஞ்சிடும். கார்டு பிரிஞ்சா குடும்பம் பிரிஞ்சி போச்சு. அவ்ளோதாம்மா சர்க்காரு. அப்பால, உறவினர் யாருன்னு கேட்டுகீற எடத்துல இல்லைன்னு போட்டுடு."

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அக்கா அழவில்லை. "பிரிச்சுடு" என்றாள். நடையை ஒட்டியிருந்த சின்ன அறையை அக்காவுக்குத் தனியாக வாடகைக்கு விட்டு ஒரு வருஷமாகிறது என்று வீட்டுக்காரர் கடிதம் கொடுக்க வேண்டும். சாவி வாங்கவே மறுத்த மாமி, இதற்கு மறுபேச்சில்லாமல் மாமாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாக அவரிடமிருந்து எதுவும் வந்ததில்லை என்பதால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அக்காவின் கட்டிலை அந்தச் சின்ன அறைக்கு மாற்றினேன். கார்டு பிரிந்து வந்தது. படிவத்தை ஆபீஸ் மெஷினில், சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். உறவினர் என்ற இடத்தில் 'இல்லை' என்று அடிக்கும்போது, எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று அக்கா சொல்லிக்கொடுத்தபடியே விரல்கள் தானாகப் போயின. ஒரு தப்புக்கூட விழவில்லை.

இனி, வருவாய் ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பார். தனி அடுப்பு இருந்தாக வேண்டும். தண்ணித்துறை மார்க்கெட்டில் ஒரு மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ் வாங்கினேன். அதைக் கொஞ்சம் பற்றவைத்துக் கரி ஏற்றிவிட்டால் பழசாகத் தெரியும் என்று நினைத்தேன். ஆனால் அக்கா அந்த அறைக்குள் அதைப் பற்றவைக்க விடவே இல்லை. "இங்க வேணாம், எடுத்துட்டுப் போ" என்று கத்தினாள். மண்ணெண்ணெய் நாற்றம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பின்பக்கச் சமையலறைக்கு எடுத்துப் போனேன்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. புது அடுப்பு வீட்டுக்கு வந்திருக்கிறது, அதுவும் வெள்ளிக்கிழமை. மூன்று இடத்தில் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, முதலில் பால் காய்ச்சாமல் எப்படி அடுப்பை ஏற்றுவது? சர்க்காரை ஏமாற்ற வாங்கிய அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பால் பொங்கவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது எனக்குக் கொஞ்சம்கூட விசித்திரமாகப் படவில்லை. பால் காய்ந்ததும் அணைத்துத் துடைத்து, அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி மேல் கொண்டுபோய் வைத்தேன்.

ஆய்வாளர் வர ஒரு மாதமாகும் என்றார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து நின்றார். நான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கையில் சீப்போடு எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் அதிகம் பேசவில்லை. சின்ன அறை, கட்டில், நாலு பாத்திரம், கார்டு எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஸ்டவ்வுக்கு முன்னால் குனிந்தார்.

"இது எப்ப வாங்கினது?"

"ஒரு வருஷமாச்சு சார்" என்றேன் நான். கேட்டது அக்காவை.

"குங்குமம் இன்னும் உதிரவே இல்லையே" என்றார்.

அந்தச் சிவப்புப் பொட்டு மூன்றும் என்னைக் காட்டிக்கொடுக்கவே பளபளத்தன. பொய்ச் சான்று, போலீஸ், ஆபீஸுக்குக் கடிதம், வேலை போய்விடும் என்று ஒரு நொடியில் மனசு எங்கெங்கோ ஓடிவிட்டது. சீப்பின் பல் உள்ளங்கையில் குத்தியது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வெக்கறதுதான் சார்" என்றாள் அக்கா, கட்டிலிலிருந்து. "காலுதான் போச்சு, பழக்கம் போகலை."

அவர் அவளைப் பார்த்தார். "நீங்களே சமைக்கிறீங்களா?"

"ஆமா சார். உக்கார்ந்த எடத்துலயே."

"பத்த வைங்க பார்ப்போம்."

அக்கா தீப்பெட்டியை எடுத்தாள். மூன்று குச்சி வீணாயிற்று. டைப் மெஷினில் ஒரு தப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்த விரல்கள் அப்படி நடுங்கி நான் பார்த்ததே இல்லை. நாலாவது குச்சியில் பற்றியது. திரி உயரமாக இருந்ததால் கரும்புகை குபுகுபுவென்று எழுந்தது. அக்காவின் முகம் வெளிறி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருமினாள். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை, திரியையும் இறக்கவில்லை. மாட்டிக்கொள்வோம் என்று என்னைப்போல அவளும் பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"போதும், போதும். அணைங்க" என்று ஆய்வாளர் பின்வாங்கினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குன்னு யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை சார்."

"இவங்க?"

"பின்பக்கப் போர்ஷன்ல இருக்காங்க. தலை வாரி விடுவாங்க."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எப்படி இவளால் இவ்வளவு சுலபமாக யாரும் இல்லை என்று சொல்ல முடிந்தது என்று எனக்கு மனசு கசந்தது.

இரண்டு மாதத்தில் கட்டில் கிடைத்தது. அடையாறில் மரங்களுக்கு நடுவே பழைய கட்டடம். பெண்கள் பகுதி என்பது ஒரு நீளமான கூடம். வாசலில் வெறும் வளைவுதான், கதவு கிடையாது. அக்காவைத் தூக்குக்கட்டிலில் கொண்டுபோகும்போது அவள் அந்த வளைவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். காற்று நன்றாக வருகிறது என்று சந்தோஷப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், நேரம், யாரைப் பார்க்க, என்ன உறவு. உறவு என்ற கட்டத்தில் எதுவும் புரியாதபடி ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டு உள்ளே ஓடுவேன். நிஜத்தை எழுதினால் கட்டில் போய்விடும். பொய்யை எழுத மனசு வரவில்லை. ஒரு நாள் ஆயா என்னை உற்றுப் பார்த்து, "இன்னாம்மா, தெரிஞ்சவங்கன்ற, ஆனா மொகம் அச்சு அசலா அத்தே மாரி கீது" என்றாள். அன்றிலிருந்து நேர்வகிடை விட்டுக் கோணல் வகிடு எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் காதில் விழும்படி அக்கா என்னை 'வாங்க, போங்க' என்பாள். அந்த 'வாங்க' ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. தகுதி இன்னும் இருக்கிறதா என்று அவ்வப்போது மறுபரிசீலனை நடக்கும் என்று தெரியும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, நான் அக்காவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதிகாரி கையில் அந்த நோட்டோடு கூடத்துக்குள் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டிலாக வந்தார். எங்களிடம் வந்ததும் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரு வாரம்கூடத் தவறலை. உறவுங்கற எடத்துல கிறுக்கல். யாரும்மா நீங்க?"

எனக்குப் பயம் வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. போதும், சொல்லிவிடலாம், தண்டனை என்னவோ கொடுக்கட்டும், இவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். வாயைத் திறந்தேன்.

"முன்னே இருந்த வீட்டுல பின்பக்கப் போர்ஷன்காரங்க சார்" என்றாள் அக்கா. "பாவம் பார்த்து வர்றாங்க. எனக்கு யாரும் இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அவர் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எல்லாக் கட்டிலையும் முடித்து அவர் தலை மறைந்ததும் நான் குரலை அடக்க முடியாமல் வெடித்தேன். "இன்னும் எத்தனை பேர்கிட்ட யாரும் இல்லை, யாரும் இல்லைன்னு சொல்லப்போறே? நான் என்ன செத்தா போயிட்டேன்? இந்தக் கட்டில் போனா போகட்டும். கெளம்பு, வீட்டுக்குப் போகலாம்."

அக்கா என் கையிலிருந்த நகவெட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். "வீட்டுக்கு வந்தா பூட்டிட்டுத்தானே போவே?" என்று கேட்டாள்.

நான் கட்டிலில் சிந்திக் கிடந்த நகத்துண்டுகளைப் பொறுக்கினேன்.

"அறுபத்து மூவர் அன்னிக்கு மேல பால் மட்டும் தீயலை" என்றாள். "பக்கத்துல தொங்கின துணி புடிச்சுக்கிச்சு. ஜன்னல் வழியா புகை எறங்குது. மணிய அடிச்சேன், கை நழுவி விழுந்துடுச்சு. கத்தினேன். வெளியில மேளம். கத்திக் கத்திக் குரலே போயிடுச்சு. அப்புறம் யாரோ நம்ம கதவைத் தள்ளிப் பார்த்தாங்க. பூட்டியிருக்கு, உள்ள யாரும் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ வேலைய விட்டிருப்பே."

அவள் சொன்னது சரிதான். விட்டிருப்பேன். நாலாவது குச்சியில் பற்றிய ஸ்டவ்வும், அந்தக் கரும்புகையும், கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கையும் என் கண் முன்னால் வந்து நின்றன. எனக்கு ஆய்வாளரிடம் பயம், அதிகாரியிடம் பயம், ஆயாவிடம்கூட பயம். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அதை ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு என் கையாலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அந்த மடிக்கு நான் அழுவது தெரியாது. கையால் என் தலையைத் தடவியவள், வகிட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன கோணலா எடுத்திருக்கே, நல்லாவே இல்லை" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நோட்டை வாங்கினேன். பெயர், நேரம், யாரைப் பார்க்க என்று எழுதினேன். உறவு என்ற கட்டத்தில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி, தெளிவாக 'இல்லை' என்று எழுதினேன். உள்ளே போனபோது அக்கா கதவில்லாத அந்த வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.